சூடு பிடிக்காத பெட்டிகள்

செவ்வாய், 28 மே 1996

தூறல். மே முடியப் போகிறது, இன்னும் ஸ்வெட்டர்.

நேற்று பெந்தகோஸ்து விடுமுறை. ஆய்வுக்கூடத்து பம்பிள்பீக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. ஜெசிந்தாவின் முறை (எங்கள் உதவியாளர், யாழ்ப்பாணத்துப் பெண்). அவள்: "வந்தனான் அக்கா. வாசலில நிண்டவன் விடேல்லை. லீவு நாளுக்கு என்ர பேர் குடுக்கேல்லையாம்." பேர் கொடுக்க வேண்டியவர் டாக்டர் வ., பிரிவுத் தலைவர். அவர் பனிச்சறுக்கு ஊரில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

எல்லாப் பெட்டியும் பட்டினி. ஒன்றும் சாகவில்லை. ஆனால் மூடியில் கை வைத்தால்: நீல வரிசை (வெறும் சர்க்கரை) வெதுவெதுப்பு. சிவப்பு வரிசை (துளி களைக்கொல்லி கலந்தது) சில்லென்று. தெர்மாமீட்டரும் அதையே சொல்கிறது. திறக்கவில்லை, திறந்தால் இன்னும் குளிரும். ஊற்றினோம்.

பம்பிள்பீ என்கிற இந்த மயிர்த் தேனீ கோழி மாதிரி அடைகாக்கும். உடம்பை நடுக்கிச் சூடு உண்டாக்கும். சூடு இல்லையென்றால் புழு வளராது. கூடு அவ்வளவுதான்.

வாங்க: பால், பல்பு, கறிவேப்பிலை (கிடைத்தால்).

புதன், 29

வ.விடம் சொன்னேன்.
"செத்தது எத்தனை?"
"ஒன்றுமில்லை."
"பிறகென்ன?"
பட்டினி திட்டத்தில் இல்லையாம். விபத்து சோதனை ஆகாதாம். முழு வயிறாகக் கொடுத்தால் இரண்டு வரிசையும் ஒன்றுதானே என்கிறார். ஆமாம், ஒன்றுதான். வெளியே யார் இதுகளுக்கு முழு வயிறாக ஊற்றுகிறார்கள்? உங்கள் பாட்டனா?
கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். தலைவலி.

வெள்ளி, 31

நேற்று சாயங்காலம் யாரையும் கேட்காமல், வரிசைக்கு இரண்டு பெட்டியில் சர்க்கரையை எடுத்துவிட்டேன். இன்று காலை அதே கதை. நீலம் சூடு, சிவப்பு சில். இம்முறை சிவப்பில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். பார்த்ததை எழுதப் பிடிக்கவில்லை.

வ.வுக்குத் தெரிந்துவிட்டது. கேன்டீனில், எல்லோர் முன்னாலும்: "நீங்கள் வெள்ளிக்கிழமைதோறும் விரதம் இருக்கிறீர்களே, உங்களுக்கு ஏதாவது ஆகிறதா?" மேசையே சிரித்தது. அட பாவி! நான் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்துவிட்டு ராத்திரி சாம்பாரோடு உட்காருகிறவள். எனக்கு யாரும் மருந்து கலந்து தருவதில்லை.

ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. "விசர்க் கதை கதைக்கிறார்," என்றாள் (பைத்தியக்காரப் பேச்சு என்று அர்த்தம்).

ஞாயிறு, 2 ஜூன்

வெயில், ஒருவழியாக. என் வீட்டுக்காரர் சேகரோடு டிராமில் கடைசி நிறுத்தம் வரை போய் நடை. புல்வெளி எல்லாம் ஒரே வாரத்தில் வழித்து வெட்டியாயிற்று. மிச்சம் வரப்போரப் பூக்கள். அதற்கும் அதே களைக்கொல்லியை அடித்து, மஞ்சளாகக் கருகிக் கிடக்கிறது. பசியையும் இதுவே உண்டாக்குகிறது, பசி தாங்கும் சக்தியையும் இதுவே எடுக்கிறது. நடுரோட்டில் கத்தினேன். நாயோடு வந்த அம்மாள் ஒதுங்கிப் போனாள்.

சேகர்: "நாளைக்கு ரிப்போர்ட்ல கையெழுத்துதானே? போட்டுட்டு வா. நமக்கெதுக்கு ஊர் வம்பு."
அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த நாட்டில் தங்க என் பெர்மிட் செப்டம்பரில் முடிகிறது. வ. எழுதிக் கொடுத்தால்தான் நீட்டிப்பு. என் பெர்மிட்டில் வந்தவர் சேகர். இரண்டு வருஷம் ஜெர்மன் படித்து, இப்போதுதான் ஒரு வேலை. ஆகஸ்டில் சேர வேண்டும்.

திங்கள், 3

மேகம். களைக்கொல்லிச் சோதனையின் ரிப்போர்ட் மேசையில்: "நடத்தையில் பாதிப்பு இல்லை." கீழே என் பெயர், அதன் மேல் கையெழுத்துக்குக் கோடு.

வ.வைக் கூட்டிக்கொண்டு போய், ராத்திரி மறுபடி பட்டினி போட்டிருந்த பெட்டிகளில் கை வைக்கச் சொன்னேன். நீலம். பிறகு சிவப்பு. நன்றாகத் தெரிந்தது அவருக்கு. கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்தார். "இனிமேல் லீவுக்கு முன்னால் நிறைய ஊற்றுங்கள்," என்று பேனாவை நீட்டினார்.

வீட்டில் சேகர் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்: "பட்டினில அதுங்க என்னதான் பண்ணுச்சு? புழுவ விட்டுட்டுப் போயிருச்சா?"
"இல்ல. மேலயேதான் படுத்திருந்துச்சு. ஒண்ணுகூட நகரல. சூடுதான் வரல."
தோசை கருகியது. அடுப்பை அணைத்தார்.
"கையெழுத்து போடாத," என்றார்.

நான் மத்தியானமே மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். இவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் டிராம் முழுக்க அழுதேன்.