கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

9 அக்., திங்கள்

தூறல். குளிர். ஸ்வெட்டர் மறந்தேன். வேலை: தீபாவளி ஸ்வீட் பாக்ஸுக்குக் கடை கடையாகப் போன்.

டீ டைமில் கம்பெனி கேட்டில் கூச்சல். தகடு வெட்டும் பிரஸ் ஷாப் நாகராஜின் சம்சாரம், பாகலூரிலிருந்து மூச்சிரைக்க. காதில் தோடு இல்லை. “கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உன் வீட்டுக்காரர் கை மெஷினில் மாட்டிக்கொண்டது, ஆபரேஷன், பஸ் ஸ்டாண்டில் நம்ம ஆள் நிற்பார்” என்று போனாம். தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

நாகராஜ் இரண்டு கையோடும் வந்து நின்றான். முதுகில் நாலு போட்டாள். அப்புறம்தான் அழுதாள்.

“என் பேரு, அவரு டோக்கன் நம்பரு, ரத்தம் என்ன குரூப்புன்னு கூட சொன்னாங்கண்ணா. நம்பாம என்ன பண்றது?”

ரத்த குரூப்! பர்சனல் ஆபீசில் எல்லார் விவரத்தையும் டைப் அடித்தது நான். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. (எலுமிச்சை சாதம். வீணானது.)

10, செவ்வாய்

இன்றும் ஒரு போன், கெலமங்கலத்தில் ஒரு வீட்டுக்கு. நல்ல வேளை, மகன் நைட் ஷிப்ட் முடிந்து பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தானாம்.

மத்தியானம் பொறி தட்டியது. ஆயுத பூஜைக்கு முன்னால் பழசையெல்லாம் கழிப்பது கம்பெனி வழக்கம். என் பழைய கம்ப்யூட்டரையும் ஜூஜுவாடி காயலான் கடைக்கு ஏற்றி விட்டேன். அதற்கு முன் ஈரத் துணியால் பளபளவென்று துடைத்தேன். வெளியே மட்டும். உள்ளே எல்லார் குடும்பமும் அப்படியே. பிளஸ் டூவும் மூன்று மாத கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்த மேதை நான்.

வீட்டில் சொன்னேன். என் சம்சாரம் சாந்தா: “பழைய பீரோவ விக்கறதுன்னா உள்ளாற துணி இருக்கான்னு பாக்க மாட்டீங்களா?”

பையை எடுத்துக்கொண்டு ரேஷனுக்குப் போனேன்.

11, புதன்

ஜூஜுவாடி. சேறு, லாரி, ஹாரன். கடையில் என் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டேன். துணி எட்டாத மூலையில் போன வருஷ பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு. உள்ளே காலி, ஹார்ட் டிஸ்க் இல்லை.

கடைக்காரர்: “பெங்களூர் ஆளுங்க கழட்டிட்டுப் போயிட்டாங்க சார். பேரெல்லாம் யாரு கேக்கறா?”

மேனேஜரிடம் சொன்னேன். “மூச்சு விடாதீங்க. அடுத்த வாரம் ஆடிட். முடியட்டும், போலீஸ்ல எழுதிக் குடுக்கலாம்.”

“அதுக்குள்ள இன்னொரு வீட்டுக்குப் போன் வந்துட்டா சார்?”

“விஷயம் வெளிய வந்தா மொத அடிபடறது உங்க பேருதான் மணி.”

அதுவும் சரிதான். வாயை மூடிக்கொண்டு வந்தேன். மீதி ஸ்வீட் பாக்ஸ் கடைகளுக்குப் போன் போட்டேன்.

12, வியாழன்

கேட்டில் சாந்தா! ஆட்டோவிலிருந்து இறங்குகிறாள், ஒரு காலில் செருப்பு இல்லை. எனக்குத் தலையில் அடியென்று போன் வந்ததாம்.

“பொய்னுதான் நான் சொல்லியிருந்தேனே?”

“தெரியுங்க. ஆனா கால் நிக்கலையே. ஆபீசுக்குப் போட்டா எப்பப் பாரு எங்கேஜ்டு. ஷாப்புக்குள்ள செல்லும் கூடாதுங்கறீங்க. வேற எங்கதான் கேக்கறது?”

அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நேரே மேனேஜர் ரூம். முதல் முறையாகக் கதவைத் தட்டாமல். என்ன பேசினேன் என்று நினைவில்லை, குரல் மட்டும் கீச்சென்று போனது. சார் ஆடிட் ஃபைலை மூடினார். “சரி. போலீசுக்கு நான் போறேன். ஆளுங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. ஒண்ணும் மறைக்க வேணாம்.”

ஷிப்ட் மாறும்போது ஸ்டூல் மேல் நின்றேன். என்னென்ன வெளியே போனது, யார் கையால் போனது, எல்லாம். இனி வீட்டில் சொல்ல வேண்டியது: அடிபட்டது என்று போன் வந்தால் பேசாமல் வையுங்கள். கேட் நம்பருக்கு நீங்களே போடுங்கள். அது வேறு எதற்கும் கிடையாது. ஆளையே கூட்டி வந்து பேச வைப்போம். செக்யூரிட்டி முனிராஜு கன்னடத்திலும் தெலுங்கிலும் சொன்னான், என்னைவிட நன்றாக.

பின்னாலிருந்து ஒருத்தன்: “மணியண்ணா, எங்க வீட்டம்மா வயசும் போயிடுச்சா? கிடைச்சா எனக்கும் சொல்லுங்க, எங்கிட்ட மறைக்கறா!”

சிரிப்பு. நாகராஜ் சிரிக்கவில்லை. “தோடு?” என்றான்.

கம்பெனிதான் தர வேண்டும் என்று சாரிடம் சொல்லியிருக்கிறேன். தலையாட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று புரியவில்லை.

13, வெள்ளி

சார் போலீசுக்குப் போய் வந்தார். இன்று எந்த வீட்டிலிருந்தும் போன் புகார் இல்லை. அதுவே பயமாக இருக்கிறது. சாந்தாவுக்குச் செருப்பு வாங்கினேன். அளவு தப்பு.

14, சனி

வெயில். நாகராஜுக்கு நிஜமாகவே அடி. இரும்பு ஷீட் கிழித்து விரலில் ஆழமான வெட்டு, தையல் போட வேண்டும். வேறு யாருக்குமே படக் கூடாதா!

கட்டுப் போட்டு, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி போக வேன் வரும்வரை உட்கார வைத்து, அவன் வீட்டுக்குப் போன் செய்தேன்.

“அம்மா, நான் கம்பெனியிலிருந்து மணி. நாகராஜுக்குக் கையில…”

“திருட்டு நாயே! இன்னும் மூக்குத்தி பாக்கி இருக்குன்னு போட்டியா? வைடா!”

வைத்துவிட்டாள். ரிசீவரோடு நின்றேன். என் அம்மாகூட என்னை இப்படித் திட்டியதில்லை.

ஒரு நிமிஷம் இருக்காது. கேட்டிலிருந்து முனிராஜு: “மணியண்ணா! பாகலூரு அம்மா லைன்ல! நாகராஜ வரச் சொல்றாங்க!”

கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். கட்டை மறு கையால் அழுத்திப் பிடித்திருந்தான். ரிசீவரை நான்தான் காதில் பிடித்தேன்.