பெயரை மட்டும் சொல்லு

அம்மா,

பழைய மைக்கை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதன் கழுத்தில் மஞ்சளாக ஒரு கறை. உங்கள் கைச் சந்தனம்தான். வாசனை எப்போதோ போய்விட்டது. கறை மட்டும் என்னைப்போலப் பிடிவாதமாக இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். சினிமாவை விட்டுவிட்டு, பிறந்த ஊரான காஞ்சிபுரத்தில் முதன்முதலாகக் கச்சேரி செய்ய வந்திருந்தீர்கள். பிள்ளையார்பாளையத்தில் என் மைக்செட் கடைக்கு நீங்களே நடந்து வந்தீர்கள். "சினிமாக்காரின்னு விளம்பரம் பண்ணாதப்பா. என் பேரை மட்டும் சொல்லு. பாட்டுக்காரியா இந்த ஊர் என்னை ஏத்துக்குதான்னு பார்க்கணும்."

தலையை நன்றாகத்தான் ஆட்டினேன். ஆனால் வெறும் பாட்டுக்கு யார் வருவார்கள் என்று உள்ளுக்குள் பயம். ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு, "திரையுலகத் தாரகை நேரில் தோன்றுகிறார்!" என்று ஐயம்பேட்டை வரைக்கும் கத்தித் தீர்த்தேன்.

வந்தது பாருங்கள் கூட்டம்! தறியைப் போட்டது போட்டபடி விட்டு வந்திருந்தார்கள். கோயில் மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. நீங்கள் வர்ணத்தைத் தொடங்கியதுமே நெசவாளி ஒருவர் எழுந்து, "இன்னாம்மா இது? சினிமா பாட்டு எடுத்து வுடும்மா!" என்றார். விசில் பறந்தது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் நான் செத்தேன்.

"மைக்கை நிறுத்துப்பா" என்றீர்கள். மேடையேறும்போது கொடுத்த சந்தனம் காயாத கையாலேயே அதைத் தள்ளிவைத்துவிட்டு, வெறும் குரலில் கல்யாணி ராகத்தை எடுத்தீர்கள். பின்னால் நின்றவர்களுக்குக் காதில் விழவில்லை. "சும்மா இருங்கப்பா, அந்தம்மா பாடிக்கினு இருக்குதில்ல" என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பாடி முடித்ததும் அதே நெசவாளி மறுபடியும் எழுந்தார். நான் ஒயரைச் சுற்றுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இப்ப பாடினியே, அதையே இன்னொரு வாட்டி பாடும்மா" என்றார்.

சிரித்தீர்கள், கண்ணில் தண்ணீரோடு. பிறகு மன்னிப்புக் கேட்க வந்து நின்ற என்னிடம், "கூட்டத்தைக் கூட்டினது நீ. உக்கார வெச்சது நான். போப்பா" என்றீர்கள். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

போன வாரம் ஓரிக்கையில் ஒரு பெண்ணுக்கு முதல் கச்சேரி. டி.வி. தொடரில் நடித்த பெண். அதைச் சொல்லியே ஆட்டோவில் விளம்பரம் செய்யும்படி விழாக்காரர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவள் தனியாக வந்து, "அதெல்லாம் வேணாம் சார். நான் பாடறேன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஊர் முழுக்க அவள் பெயரை மட்டும் சொன்னேன்.

முப்பது பேர்தான் வந்தார்கள், அம்மா. ஒருத்தர்கூட நடுவில் எழுந்து போகவில்லை.