பறிக்கப் பறிக்கப் பூக்கிறது

பிப்ரவரி 8, ஞாயிறு

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. சிரிப்பும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் அதற்கு என்ன பெயர்?

மாமா தன் தோட்டத்துப் பக்கம் யாரையும் விடமாட்டார். அப்படிப்பட்டவர் நேற்று, "குட்டி, இந்தப் பட்டாணி விதைய ஊற வை. காலையில நீயே ஊனிடு" என்றார். அப்பா போன பிறகு நாங்கள் இந்தக் குளிர் நாட்டுக்கு, அவர் வீட்டுக்கு வந்ததிலிருந்து, அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. நானும் ஒரு கிண்ணத்தில் ஊற வைத்து, சமையலறை மேடையில் வைத்தேன். இன்று நான் எழுந்து வருவதற்குள் அம்மா அதை வேக வைத்துவிட்டாள்!

அம்மா முகம் வெளுத்துப்போச்சு. "அண்ணன்கிட்ட சொல்லிடாதடி. ஆறு மாசம் இருங்க, அப்புறம் பாக்கலாம்னுதான் சொல்லியிருக்காரு. இதைச் சாக்கா வச்சுக் கெளம்புங்கன்னா எங்க போறது?"

கொக்குதான் காப்பாற்றினாள். (கொக்கு என் பெஞ்சுக்காரி. உயரம் அப்படி.) என் பிறந்தநாளுக்கு அவள் ஸ்வீட் பீ விதை பாக்கெட் கொடுத்திருந்தாள். அதுவும் பட்டாணிக்குச் சொந்தம்தான். ஆனால் பூவுக்கும் வாசனைக்கும் மட்டும். ஊற வைக்க நேரம் ஏது? ஒவ்வொரு விதையின் தோலையும் நகவெட்டியால் லேசாகக் கீறி, மாமாவின் பாத்தியில் ஊன்றிவிட்டேன். மண்ணை மூடிவிட்டால் எல்லாம் ஒன்றுதானே?

பிப்ரவரி 9

பாக்கெட்டின் பின்பக்கத்தை இப்போதுதான் படித்தேன். "காயும் விதையும் நஞ்சு. உண்ணக் கூடாது."

செத்தேன்.

மார்ச் 2

முளைத்துவிட்டது! மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கைராசிக்காரிதான் நீ" என்றார். தலைகீழாக நடக்கலாம் போல இருந்தது. ராத்திரி அந்த விதை பாக்கெட்டை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

ஏப்ரல் 19

கொடி கயிற்றைப் பிடித்து ஏறுகிறது. மாமாவுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. "எந்த மாடி வரைக்கும் போகும் மாமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமா சிரித்தார். பல் தெரிந்தது!

உடனே ஒரு குண்டும் போட்டார். "முதல் காயப் பச்சையாவே வாயில போட்டுக்கணும்."

இப்போதே சொல்லிவிடலாமா? சொன்னால் அம்மா?

மே 10

முதல் பூ. ஊதா, ஓரத்தில் வெள்ளை. மூக்கை வைத்தேன் — ஐயோ, அந்த வாசனை! ஒரு நிமிஷம் பயமே மறந்துபோச்சு.

வழி கிடைத்துவிட்டது. பூ இல்லையென்றால் காய் இல்லை. மாமா எழுவதற்கு முன் எல்லாவற்றையும் பறித்துவிட வேண்டியது. நான் எவ்வளவு கெட்டிக்காரி!

மே 14

கெட்டிக்காரியாம். பாக்கெட்டில் இன்னொரு வரி இருக்கிறது: பூக்களைப் பறிக்கப் பறிக்க மேலும் பூக்கும்.

இன்று ஒரு கை கொள்ளாமல் வந்தது. எங்கே ஒளிப்பது? புத்தகப் பைதான். கணக்கு டீச்சர் மேஜையில் ஒரு கொத்து வைத்தேன். "என்ன, பரீட்சைக்கு ஐஸா?" என்றார். பிறகு பாடம் முழுக்க அதையே முகர்ந்துகொண்டு இருந்தார். வீட்டுப் பாடத்தைக் கேட்கவே மறந்துவிட்டார். கொக்கு என் காதில், "நாளைக்கும் கொண்டு வாடி, தெய்வமே!"

மே 22

பஸ் ஓட்டுநர், பள்ளி ஆபீஸ் அக்கா, கொக்குவின் அம்மா, அவர்கள் வீட்டு ஜன்னல்கள் — எல்லா இடமும் நிரம்பிவிட்டது. மாமாவோ தலையைச் சொறிகிறார். "சாயங்காலம் மொட்டு இருக்கு, காலையில காணோம். எலி வேலைதான்." செடிக்குச் சத்து போதவில்லை என்று இன்னும் எரு போட்டார். அது இன்னும் பூத்துத் தொலைக்கிறது. தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

மே 26

அந்த எலியைப் பிடிக்க மாமா இருட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பறிக்க முடியவில்லை. இனி தினமும் காவலாம்.

விடிந்ததும் பூவைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். "இங்க வா, பட்டாணிக்கு இவ்ளோ வாசனையா! நல்ல ஜாதி போலிருக்கு." ஒன்றைப் பறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

ஜூன் 7, ஞாயிறு

மாமாவை அடித்துவிட்டேன்.

காலையில் அவர் ஒரு காயைப் பறித்தார். மேலெல்லாம் பொடி முடி. "மீசை முளைச்ச பட்டாணிடா இது!" என்றபடி வாய்க்குக் கொண்டுபோனார். எப்படி ஓடினேன் என்றே தெரியவில்லை. அவர் கையில் ஓங்கி ஒன்று! காய் எங்கேயோ பறந்தது.

"அது விஷம் மாமா! பட்டாணியே இல்ல! நான்தான் வேற விதைய ஊனினேன். அம்மா ஒண்ணும் பண்ணல!"

"அப்போ என் பட்டாணி எங்க?"

அம்மா பின்கட்டு வாசலில் நின்றபடி அழுகிற குரலில் சொன்னாள்: "தெரியாம வேக வச்சுட்டேன் அண்ணா. நீங்கதான் சாப்பிட்டீங்க. இன்னும் ஒரு கரண்டி போடுன்னு கேட்டு வாங்கி."

மாமா கையைத் தடவிக்கொண்டு நின்றார். "அதான் அன்னிக்கு அவ்ளோ ருசியா இருந்துச்சா" என்றார். உள்ளே போய்க் கத்திரிக்கோல் எடுத்து வந்து, ஒரு காய் விடாமல் வெட்டிக் குழி தோண்டிப் புதைத்தார். பிறகு மண்ணை மிதித்து மூடிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கோபமா? கோபம் இல்லையா? யாரைக் கேட்பது?

ஜூன் 8

அம்மா மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடிக்கிறாள். ஆறு மாதம் முடியப்போகிறது.

ஜூன் 14, ஞாயிறு

மாமா ஒரு வாரமாகத் தினமும் ஒரு கொத்து எடுத்துக்கொண்டு போகிறார். எங்கே என்று இன்றுதான் சொன்னார். பழுதுபார்த்து முடித்ததும் லிஃப்ட்டுக்குள் மாட்டிவிட்டு வருகிறாராம்! "மூணாவது மாடிக்காரரு கீழயும் மேலயும் சும்மாவே போய்ட்டு வர்றாரு. எந்தக் கடையில வாங்கினீங்கன்னு கேட்டாரு. எங்க வீட்டுப் பொண்ணு போட்டதுன்னேன்."

சாயங்காலம் சுவரோரமாகப் புதிதாக ஒரு பாத்தி வெட்டினார். "அடுத்த வருஷம் பட்டாணி இங்க. உன் பூ அந்தப் பக்கம். ரெண்டும் கிட்ட வரக்கூடாது, ஆமா!"

அடுத்த வருஷம்! அடுத்த வருஷம் என்றார்! நான் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, "அண்ணா, சமையலறைல அந்த மேல் பலகை எனக்கு எட்டவே மாட்டேங்குது. கொஞ்சம் கீழ இறக்கித் தர்றீங்களா?" என்றாள்.

இதை எழுதும்போதே ஆணி அடிக்கிற சத்தம் கேட்கிறது.