அம்மாவுக்குச் சாமி வந்த ஞாயிற்றுக்கிழமை

வைத்திக்குப்பம்,
புதுச்சேரி.
9-8-1984

அன்புள்ள மகன் இராமதாசுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் உயிரோடும் கைகாலோடும் இருக்கிறோம். நீ நலமா, மருமகள் அன்னக்கிளி நலமா, அவள் வயிற்றுப் பிள்ளை நன்றாக அசைகிறதா? வழக்கத்துக்குக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே, மெய்யாகவே எங்களுக்குத் தெரிய வேண்டும். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணிடம் படித்துக் காட்டாதே.

நம் தெருக்கோடி எண்ணெய்க் கிடங்கில் நாங்கள் பாட்டு மன்றம் நடத்துவது உனக்குத் தெரியும். அதில் சம்பளம் வாங்குகிறவன் ஒருவனும் கிடையாது. எல்லாரும் மில்லில் இருந்து ஓய்ந்தவர்கள், சாமிக்கண்ணு பெருக்குவான், நான் டீ போடுவேன், பாட வருகிறவர்களுக்குச் சோறு யார் வீட்டிலாவது. போன ஞாயிறு சாயங்காலம் தவளக்குப்பம் பக்கத்துக் கலியபெருமாளின் பம்பை உடுக்கைக் கோஷ்டியை வரவழைத்திருந்தோம். ஆடி மாதத்தில் எந்த அம்மன் கோயிலும் பம்பைக்காரர்களை விடாது, கெஞ்சிக் கூத்தாடித்தான் கூட்டிவந்தோம். அதனாலேயே கூட்டம் தாங்கவில்லை. ஆண்களெல்லாம் கீழே பாயில், பெண்களும் பிள்ளைகளும் மேலே, அந்தக் காலத்தில் மூட்டை அடுக்கிய மரப்பரணில். ஏறி இறங்க ஒரே ஏணிப்படி, ஓர் ஆள் அகலம்தான் இருக்கும். உன் அம்மா பரணில் சுவரோரமாக இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். நடவுப் பாட்டு முடிந்து, மச்சானைக் கேலி செய்கிற பாட்டு ஒன்றை எடுத்தார்கள். அந்த அடிக்குப் பிள்ளைகள் மேலே குதிகுதி என்று குதித்தன. நான் டீ ஆற்றிக்கொண்டே தலையாட்டிக்கொண்டிருந்தேன். தறிச் சத்தத்தில் பாதி போன காது எனக்கு, பம்பையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

திடீரென்று மேலே ஒரு கூச்சல். அண்ணாந்து பார்த்தால் உன் அம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆடுகிறாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவளுக்குச் சாமி வந்ததே இல்லை, அதுவும் மச்சான் பாட்டுக்கா வரும்? எனக்கு முதலில் கோபம், மானம் போகிறதே என்று. அவள் முகத்தைப் பார்த்ததும் கோபம் போய், டீ ஆற்றுகிற டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கலியபெருமாள் அடியை நிறுத்தி ஒரு கணம் அவளையே பார்த்தான், பிறகு சாமி புறப்பாட்டுக்கு அடிக்கிற அடியை எடுத்தான். எனக்கு உள்ள புழுங்குதுடா, நான் தெருவுக்குப் போவணும், ஒருத்தர் பாக்கி இல்லாம எம் பின்னாடி வாங்க, தள்ளாம வாங்க, புள்ளைங்கள முன்னாடி அனுப்புங்க என்று அவள் கத்தினாள். ஆத்தா சொல்லும்போது யார் தள்ளுவார்கள்? அவள் ஆடிக்கொண்டே படியிறங்க, பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் இறங்கின, பெண்கள் கைகூப்பிக்கொண்டே இறங்கினார்கள். கீழே இருந்த ஆண்களும் எழுந்துவிட்டார்கள். பம்பை முன்னே போக, வேப்பிலை ஒடித்து அவள் கையில் கொடுத்து, எல்லாரும் கடற்கரைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். நான் ஸ்டவ்வை அணைத்துவிட்டுக் கடைசியாக வாசலைத் தாண்டினேன். முதுகுக்குப் பின்னால் ஒரு பெரும் சத்தம். இந்தக் காதுக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். பரண் அப்படியே உத்திரத்தோடு கீழே உட்கார்ந்துவிட்டது. ஆண்கள் உட்கார்ந்திருந்த பாய் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அந்தத் தூசிக்கு நடுவில் நின்று ஒவ்வொரு வீட்டுப் பேராகச் சொல்லிக் கூப்பிட்டேன், ஒருவரும் குறையவில்லை.

இதோடு முடிந்திருந்தால் சந்தோஷமாக எழுதியிருப்பேன். மறுநாள் விடிந்ததும் நம் வாசலில் எலுமிச்சம்பழமும் மஞ்சளுமாகக் கூட்டம், நேற்றுவரை உன் அம்மாவைக் கன்னியம்மா கன்னியம்மா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கடன் சர்க்கரை கேட்டவர்கள் எல்லாம் காலில் விழுகிறார்கள். அவளோ போர்வையைச் சுற்றிக்கொண்டு மூலையில் கிடக்கிறாள், சோறு இறங்கவில்லை. அடுத்த தெரு சின்னப்பொண்ணு, காய்ச்சலில் துவண்ட குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டு, விபூதி போடு ஆத்தா, ஆஸ்பத்திரியே வேணாம் என்று அழுதாள். உன் அம்மா எழுந்து உட்கார்ந்து, மறுபடியும் அதே குரலில், கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுடி, இது என் உத்தரவு என்றாள். அவள் ஓடினாள், குழந்தைக்கு இப்போது பரவாயில்லை. ஆனால் கதவைச் சாத்தியதும் உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அப்போதுதான் சொன்னாள், சாமியும் வரல ஒண்ணும் வரல, பரணுக்கும் செவுத்துக்கும் நடுவுல கை நுழையிற மாதிரி சந்து உட்டுப் போச்சு, மண்ணு கொட்டுது, வுழப்போவுதுன்னு கத்துனா எல்லாம் அந்தப் படியில மிதிச்சிக்கினே செத்துடும், வேற எனக்கு ஒண்ணும் தோணல, ஆத்தா பேரப் பொய்யா எடுத்துட்டேன், இன்னிக்கு ரெண்டாவது வாட்டியும் எடுத்துட்டேன் என்றாள்.

நான் எவ்வளவோ சொன்னேன். இத்தனை உயிரைக் காப்பாற்றினாயே, இதுக்கு எந்தச் சாமி கோபிக்கும் என்றேன். நேற்றுக் கலியபெருமாள், அன்றைக்குக் கிடங்கில் விட்டுப்போன உடுக்கையைத் தேடிக்கொண்டு வந்தான். அது பொய் ஆட்டம் என்று அவனுக்கு அன்றைக்கே தெரியுமாம். நிசமா சாமி வந்தா பம்பை அடிக்கு முன்னாடி கால் போவும், இந்த ஆயிக்கு அடி கேட்டப்புறம்தான் கால் போச்சு, இன்னாவோ காரணம் இருக்குதுன்னுதான் நான் அடிச்சேன் என்றான். அவளைத் தேற்றுவதாக நினைத்து, பயப்படாதம்மா, நீ பொய்யா ஆடுனாலும் எம் பம்பை பொய் இல்ல, நான் கூப்ட்டா ஆத்தா வராம இருக்க மாட்டா, அன்னிக்கு அங்கதான் இருந்தா என்றும் சொல்லிவிட்டுப் போனான். உன் அம்மாவுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் வற்றிவிட்டது. அப்ப ஆத்தா எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்திருக்கா என்கிறாள்.

தண்டனை தனக்கு வந்தால் வாங்கிக்கொள்வாளாம். பக்கத்தில் இருக்கிறவர்களைப் பற்றியும் அவளுக்குப் பயமில்லை, கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறாளே. கண்ணுக்கு எட்டாத பிரான்சு தேசத்து மார்செயில் இருக்கிற உன்மீதும், இன்னும் பிறக்காத அந்தப் பிள்ளைமீதும்தான் விழும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். கோயிலுக்குள் வராமல் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிறவர் என்று என்னைக் கேலி செய்வாயே, அந்த நான் இதையெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று காலையில் தந்திச் சேவகன் நம் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பினான். அவன் நம் வீட்டைத் தாண்டிப் போகிறவரை எனக்கு மூச்சு வரவில்லை. உன் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

மாடிப்படியில் அன்னக்கிளியைத் தனியே இறங்கவிடாதே, நீயும் ரோட்டைப் பார்த்து நட. எங்கள் ஆசீர்வாதம் உங்கள் மூவருக்கும் உண்டு, தீர்க்காயுசாக இருங்கள். கடிதம் கிடைத்த அன்றே ஒரு வரி எழுதித் தபாலில் போடு. இவள் எழுத்துத் தெரியாவிட்டாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேனாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நல்லா இருக்கியான்னு மொதல்ல கேட்டு எழுதுங்க என்றாள். முதல் வரியிலேயே கேட்டாயிற்று என்றேன். பரவாயில்ல, இன்னொரு வாட்டி கேளுங்க என்கிறாள்.

நலமா, இராமதாஸ்?

இப்படிக்கு,
தபாலை எதிர்பார்த்திருக்கும் அப்பா
பக்கிரி