ஆந்தைக் குஞ்சிடம் கேட்டவை

பாயா ரும்புட்,
23.4.2025

அன்புள்ள மோகனா,

நீயும் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உன் தம்பி மகளைத் தினமும் வகுப்பில் பார்க்கிறவள் உனக்கு எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். உன் போனை லிஷாலினி எடுத்துப் பார்ப்பாள் என்று நீதான் சொன்னாய். வீட்டுக்கு வந்தாலோ நம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

நேற்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கதைப் பாடம். பாதிக் கதையை நான் சொல்வேன். ஒரு பிள்ளை அந்தக் கதையில் வருகிறவராக நாற்காலியில் உட்காரும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். மீதிக் கதை அந்தப் பேச்சிலிருந்துதான் பிறக்க வேண்டும். எப்படி முடியும் என்று எனக்கே தெரியாது.

நேற்றைய கதையில், எலி பிடிக்க ஆந்தைகள் தங்கட்டும் என்று செம்பனைத் தோட்டத்தில் வைக்கும் மரப்பெட்டியில் ஓர் ஆந்தைக் குஞ்சு. இரை தேடப் போன தாய் இன்னும் வரவில்லை. குஞ்சாக உட்கார லிஷா தானே கை தூக்கினாள்.

“அம்மா எப்ப வருவாங்க?” என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

“வர மாட்டாங்க. செத்துட்டாங்க.”

“அப்புறம் ஏன் வாசல்லயே நிக்கிற?”

“நான் உள்ள போயிட்டா, எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அத்தை ஆந்தைக்குத் தெரிஞ்சிரும்லா. அவங்க பாவம்.”

என் கதையில் அத்தை ஆந்தையே கிடையாது, மோகனா.

அவளோடு பேசு.

உன்,
பாட்ரீசியா


பெம்பான்,
30.4.2025

பாட்ரீசியா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. தாயில்லாத குஞ்சைத் தவிர வேறு கதையே உனக்குக் கிடைக்கவில்லையா?

நாங்கள் ஏன் இப்படிச் செய்தோம் என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. போன வருஷம் ஜொகூரில் லிஷாவின் அம்மா யோகேஸ்வரியின் மோட்டார் சைக்கிளை லாரி இடித்தபோது அவள் உயிர் அங்கேயே போய்விட்டது. போனுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆஸ்பத்திரி நாற்காலியில் என் கையில் இருந்த அந்தப் போனில் லிஷாவிடமிருந்து செய்தி வந்தது: “அம்மா எங்க இருக்கீங்க?” தம்பி விமலனிடம் நீட்டினேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பதில் வராவிட்டால் பிள்ளை பயப்படுமே என்று, “வேலையில இருக்கேன் கண்ணு, சாப்பிட்டியா?” என்று நான்தான் அடித்தேன். அதற்குப் பிறகு எந்த நாளில் நிறுத்துவது? அம்மாவுக்கு சிங்கப்பூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிப் பிள்ளையை இங்கே கூட்டி வந்தோம். விமலன் ஜொகூரிலேயே தங்கிவிட்டான்.

அவள் கேட்கிறாள், ஒளித்து வைத்திருக்கும் அந்தப் போனிலிருந்து நான் யோகேஸாகப் பதில் சொல்கிறேன். கேள்வியும் பதிலும் இருக்கிறவரை மனிதர்கள் ஒருவருக்கொருவர் உயிரோடு இருக்கிறார்கள் என்று நீதானே பேசுவாய்? யோகேஸ் எனக்குத் தம்பி மனைவி மட்டும் இல்லை. என்னிடம் வாய்விட்டுச் சிரித்துப் பேசியவள் அவள் ஒருத்திதான். அவள் பெயரில் எழுதும்போது எனக்கும் அவள் பக்கத்தில் இருக்கிறாள்.

வகுப்பில் நீ கேட்பது உனக்குப் பாடம். இங்கே அது கூரையைப் பிய்க்கிறது. இனி லிஷாவை அந்த நாற்காலியில் உட்கார வைக்காதே.

மோகனா


பாயா ரும்புட்,
6.5.2025

அன்புள்ள மோகனா,

திட்டியாவது எழுதினாயே, அதற்கு நன்றி. லிஷாவை இனி அந்த நாற்காலிக்குக் கூப்பிட மாட்டேன். அந்தக் கதையை ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பள்ளிக்கு எதிரே செம்பனை மரங்களுக்கு நடுவில் அந்தப் பெட்டி தெரிகிறது, அதனால் என்று சொல்லிக்கொள்கிறேன். முழுதும் நம்ப முடியவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல விடு. கேள்வியும் பதிலும் வந்து போனால் மட்டும் அது உரையாடல் ஆகாது. எதிரில் இருப்பவர் நாம் நினைக்காத ஒன்றைச் சொல்ல இடம் இருக்க வேண்டும். பதிலை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் அது ஒப்பிப்பதுதான். நீ யோகேஸின் பேச்சை ஒப்பிக்கிறாய். லிஷா என்ன செய்கிறாள்?

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. “எப்ப வருவீங்க?” என்று அவள் அம்மாவிடம் கடைசியாக எப்போது கேட்டாள்?

எனக்குப் பதில் எழுத வேண்டாம். நீ பார்த்தால் போதும்.

என்றும் உன்,
பாட்ரீசியா


பெம்பான்,
12.6.2025

பாட்ரீசியா,

பார்த்தேன். தீபாவளிக்கு முன்னால் கேட்டதுதான். அதன் பிறகு அந்தக் கேள்வியே இல்லை. வேறு கேள்விகள் இருந்தன. “முட்டிக்கு எண்ணெய் போட்டீங்களா?” “இன்னிக்கு ஏன் முகம் வாடியிருக்கு?” யோகேஸுக்கு முப்பத்திரண்டு வயது. அவளுக்கு ஏது முட்டி வலி? பிள்ளை இத்தனை மாதமும் அம்மாவின் நம்பரில் என்னிடம்தான் பேசியிருக்கிறாள். நான்தான் கேட்கவில்லை.

உன் கடிதம் வந்த வார ஞாயிற்றுக்கிழமை அவளைக் கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். தேங்காய் ஷேக் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம்.

“லிஷா, அத்தை ஒன்னு கேக்கட்டா?”

“கேளுங்க.”

“அம்மா எங்கடா?”

ஷேக்கை மணலில் வைத்தாள். பிறகு, “நீங்க சொல்லுங்க அத்தை. நீங்க சொன்னாதான் நான் அழ முடியும்” என்றாள்.

சொன்னேன். அழுதாள். ஒன்பது வயதுப் பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் தன் துண்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். எப்படிடா தெரியும் என்று கேட்டேன். “அம்மா என்னைப் பாப்பான்னுதான் கூப்பிடுவாங்க. கண்ணுன்னு நீங்கதான் கூப்பிடுவீங்க” என்றாள்.

அதன் பிறகு கேட்டாள் பார், சேர்த்து வைத்திருந்ததையெல்லாம். வலித்ததா? யார் தூக்கினார்கள்? அம்மாவுக்கு என்ன சேலை கட்டினீர்கள்? அப்பா அழுதாரா? ஒவ்வொன்றுக்கும் தெரிந்ததைச் சொன்னேன். கடைசியில், “அம்மா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டாள். யோகேஸாகப் பேசிப் பழகிய வாய். ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, “தெரியாதுடா. நாங்க போறதுக்குள்ள போயிட்டாங்க” என்றேன். என் மடியில் படுத்துக்கொண்டாள்.

பள்ளி விடுமுறையில் விமலன் வந்தான். “அப்பா, எனக்குத் தெரியும். நீங்க மறைக்க வேணாம்” என்று அவளே சொன்னாள். அவன் பிள்ளையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். “அது நான் சொல்ல வேண்டியதுக்கா. நீ யாரு சொல்ல?” என்றான். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. எந்த வருஷம் சொல்வதாக இருந்தாய் என்று கேட்டிருக்கலாம். பிள்ளை முன்னால் கேட்க முடியவில்லை. ஜொகூரில் அவளுக்குப் பள்ளி பார்த்துவிட்டானாம், கூட்டிப்போகிறேன் என்றான். எவ்வளவு சொல்லியும் உட்காரவே இல்லை. நான் அவள் துணிகளை மடித்து வைத்தேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. நீ கேட்டது சரியான கேள்விதான். அது தெரிந்தும் கோபம் போகவில்லை. இப்போதைக்கு எனக்கு எழுதாதே. வரவும் வேண்டாம்.

காரில் ஏறியதும் லிஷா கண்ணாடியை இறக்கினாள்.

“அத்தை, நீங்க தனியா இருந்துக்குவீங்களா?”

முன்பென்றால் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

“கஷ்டமாத்தான் இருக்கும் லிஷா.”

“எனக்கும்லா” என்றாள்.

விமலன் காரை எடுத்துவிட்டான்.

மோகனா