சுஷிக் கடையில் என் கை

12 அக்டோபர் 1968, சனி

கோபத்தில் தூக்கம் வரவில்லை. இன்று என் வீட்டுக்காரர், ஆபிசுக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பான்காரக் குடும்பம் நடத்தும் சின்னக் கடைக்குக் கூட்டிப்போனார். விலை மலிவுதான். புருஷன் சோற்றைப் பிடித்து மேலே மீன் துண்டு வைக்க, பெண்சாதி தட்டில் கொண்டுவந்தாள். சுஷியாம்.

நான் கையை நீட்டியதும் இவர் பல்லைக் கடித்தார். "கையால எடுக்காதே லா! நம்மள என்ன நெனைப்பாங்க?"

தட்டோடு வைத்திருந்த இரண்டு மரக் குச்சிகளால் இடுக்கி எடுத்தேன். சோறு உதிர்ந்து மடியில் விழுந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார்!

கடைக்காரப் பெண்தான் ஓடி வந்து, விரலால் எடுத்து வாயில் போடுவதுபோல் செய்து காட்டினாள். அவர்களே சுஷியைக் கையால்தான் சாப்பிடுவார்களாம். உடனே இவர், "எனக்குத் தெரியும் லா" என்று குச்சியைப் போட்டுவிட்டுக் கையால் எடுத்து எடுத்து விழுங்கினார்.

பதினொரு வருஷமாக இந்தக் கை கரைத்த புளியில்தான் ரசம் குடிக்கிறார். அதில் மட்டும் கேவலம் தெரியவில்லையா?

அந்த இரண்டு குச்சிகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நாளை மத்தியானம் ரசஞ்சோறு. இவர் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன். கையை நீட்டட்டும், பார்க்கிறேன்.