புறங்கையில் விரிந்த மாவு

அண்ணி,

இன்று காலை அண்ணனுடைய வேட்டிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கருட சேவைக்குக் கட்டிக்கொள்ள ஒரு வேட்டிகூட ஒழுங்காக இல்லை என்று மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார். மூட்டையின் அடியிலிருந்து கரையில் மயில்கண் ஓடும் அந்தப் பழைய வேட்டி வந்தது. எத்தனையோ முறை துவைத்ததுதான். சூடான பெட்டியை வைத்து ஓர் இழுப்பு இழுத்ததும் நெய் வாசனை எழுந்தது. பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அண்ணனுக்கு அது வேட்டி. உங்களுக்கும் எனக்கும் அது மாவு விரிக்கும் துணி.

என் வீட்டுக் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கும் ரவிக்கை வெட்டும் மேசையை நீங்கள் விட்டுவைத்ததே இல்லை. "இதும் மேல ஒரு கல்யாணமே நடத்தலாம்மா, பந்தியும் போடலாம்" என்பீர்கள். தையல்காரிக்கு மேசை பெரிதாக இருந்தால்தான் பிழைப்பு என்று நானும் சளைக்காமல் பதில் சொல்வேன். நாத்தனாரும் அண்ணியும் இப்படிப் பேசிச் சிரிப்பதைப் பார்த்துச் சின்ன காஞ்சிபுரத்தில் வயிறெரிந்தவர்கள் உண்டு.

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து நீங்கள் வீடு திரும்பியபோது தெருவே சந்தோஷப்பட்டது. முடி மறுபடி முளைத்தது, சாப்பாடு இறங்கியது. விரல்கள் மட்டும் திரும்பி வரவில்லை. மருந்து நரம்பைத் தொட்டிருக்கிறது, வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். "விரல் முனையெல்லாம் துணி சுத்தினா மாதிரி இருக்குதும்மா" என்றீர்கள். வேறு யாராவது என்றால் அதோடு வாழப் பழகியிருப்பார்கள். உங்கள் வீட்டில் ஓடுவது கோர்வைத் தறி. பட்டுச்சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், அதற்கு இரண்டு பேர் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளியது நீங்கள். இழை அறுந்தால், என்னோடு பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல், விரலால் தேடிப்பிடித்து முடிச்சுப் போட்டுவிடுவீர்கள்.

திரும்பி வந்து தறியில் உட்கார்ந்த அன்றே எழுந்துவிட்டீர்கள். "இழை கையில இருக்குதா இல்லியான்னே தெரியல" என்று மட்டும் சொன்னீர்கள். கொஞ்ச நாளில் வாலாஜாபாத்திலிருந்து ஓர் ஆள் வந்து உங்கள் இடத்தில் உட்கார்ந்தார். அவருக்கு நீங்கள்தான் டீ கொண்டுபோய் வைத்தீர்கள், விழுந்துவிடுமோ என்ற பயத்தில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அதற்கப்புறம் உங்கள் பேச்சு குறைந்துபோயிற்று. எதைக் கேட்டாலும் "இது ஒக்காந்து துன்னுற கை" என்று கையைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

பிறகு உங்கள் மகள் பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி பக்லாவா இனிப்பு வாங்கி வந்தாள். நானும் அண்ணனும் வாயில் போட்டு மென்றுவிட்டு நன்றாயிருக்கிறது என்றோம். நீங்கள் மட்டும் ஒரு துண்டைத் தட்டில் வைத்து, ஊசியால் மேலிருந்து ஒவ்வொரு ஏடாகப் பிரித்து, சன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தீர்கள். வெளிச்சம் அப்படியே இந்தப் பக்கம் வந்தது. இது என்ன, எப்படிச் செய்கிறார்கள் என்று மகளைத் துளைத்து எடுத்தீர்கள். அவள் ஃபீலோ என்று ஒரு பேர் சொல்லி, போனில் ஒரு வீடியோவையும் போட்டுக் காட்டினாள். ஏதோ ஓர் ஊரில் இரண்டு பெண்கள் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு மாவு உருண்டையைப் போர்வை அளவுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வீடியோவைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள், பிறகு என் மேசையைப் பார்த்தீர்கள்.

"கடையில சமோசா பட்டி விக்குது அண்ணி, வாங்கிக்கலாம்" என்றேன்.

"வாங்கறதுக்கு நீ எதுக்குமா, கடைக்காரன் போதும்" என்றீர்கள்.

மைதா, உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், சில சொட்டு எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான். பிசைவதை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். "அடிக்கறதுக்கு உணர்ச்சி எதுக்கு" என்று மாவைத் தூக்கித் தூக்கிக் கல்லில் அடித்தீர்கள். கன்னம் போல மழமழவென்று ஆனதும் எண்ணெய் தடவி, பாத்திரத்தைக் கவிழ்த்து மூடி ஊறவைத்தோம். மேசையில் விரிக்க அண்ணனுடைய மயில்கண் வேட்டியை அவரைக் கேட்காமலே எடுத்து வந்திருந்தீர்கள். காற்றுப் பட்டால் மாவு காய்ந்துவிடும் என்று ஃபேனையும் நிறுத்தினோம். வெயில் காலத்துக் காஞ்சிபுரத்தில் ஃபேன் இல்லாத கூடம். இரண்டு பேருக்கும் வேர்வை வழிந்தது.

உருட்டித் தேய்த்து வட்டமாக்கியதும் நாம் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நெசவுக்காரத் தெருவில் பிறந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆளுக்கொரு முனையாக நின்று, தெருவில் பாவு நூலை நீட்டுவது போல நேர்கோட்டில் விறைப்பாக இழுத்தோம். நடுவில் பிளந்துவிட்டது. மறுபடி உருட்டி, மறுபடி இழுத்தோம். மறுபடி பிளந்தது. நாலாபக்கமும் இழுக்கவேண்டியதை நாம் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நூலா இருந்தா தாங்கும். இதுல நெடுக்க ஓடுற பாவும் இல்ல, குறுக்க ஓடுற ஊடையும் இல்லியே" என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அதற்கப்புறம் மேசையைச் சுற்றி வந்து இழுத்தோம். இப்போது நடுவில் பிளக்கவில்லை. ஆனால் நீங்கள் பிடித்த இடமெல்லாம் ஓட்டை விழுந்தது. எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்று உங்களுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு ஓட்டையும் சரியாக ஒரு விரல் முனை அளவு இருந்தது. நீங்கள் கையை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள்.

"மாவு நல்லாத்தான் இருக்குது. என் கைதான் கிழிக்குது. உடுமா."

நாமே தேடிப் போய் இன்னொரு தறியின் முன்னால் உங்களை உட்காரவைத்து எழுப்பிவிட்டோமே என்று தோன்றியது. மிச்சமிருந்த உருண்டையைப் பிசைந்து, வட்டமாகத் தேய்த்து மறுபடி மூடிவைத்தேன். அதையாவது சப்பாத்தியாகப் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான்.

ஊறியிருக்குமா என்று பார்க்க எழுந்து வந்தது நீங்கள். சிகிச்சைக்குப் பிறகு சூடு பார்ப்பதற்கு உங்களுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. குளிக்கும் வெந்நீரானாலும் சோற்றுப் பானையானாலும் கையைத் திருப்பிப் புறங்கையை வைத்துப் பார்ப்பீர்கள். விரல் சொல்லாததை அது சொல்லும். அன்றும் அப்படித்தான், தேய்த்து வைத்திருந்த வட்டத்தின் அடியில் புறங்கையை நுழைத்தீர்கள். நுழைத்த கை அப்படியே நின்றது. முகம் மாறியது.

"புறங்கையில தெரியுதும்மா."

"என்னா தெரியுது அண்ணி?"

"மாவு நகருது. எங்க தடிப்பா இருக்குது, எங்க சன்னமா ஆவுது, எல்லாம் தெரியுது. நீயும் கையத் திருப்பு."

உங்கள் கண்ணாடி வளையல்களை முழங்கை வரை ஏற்றி ரப்பர் பேண்டு போட்டுவிட்டேன். இரண்டு பேரும் கையை மடக்கி, விரல் முட்டி மாவைக் குத்தாமல் அடியில் விட்டு, உள்ளிருந்து வெளியே மெல்ல நகர்த்தினோம். இழுக்கவே இல்லை. அது தானாக வந்தது. நாம் சுற்றினோம், அது வளர்ந்தது. தட்டளவு இருந்தது முறமளவு ஆனது, மேசை நடுவை மூடியது, ஓரத்தைத் தொட்டது, ஓரத்தைத் தாண்டித் தொங்கியது. ஒரு கைப்பிடி மாவுக்குள் இவ்வளவு இருந்ததா என்று நான் மூச்சுவிடப் பயந்துகொண்டிருந்தேன். அப்போது அடியிலிருந்த வேட்டியின் கரை தெரிந்தது. முதலில் பச்சையாக மங்கலாக ஒரு கோடு. பிறகு மயில்கண்கள், ஒவ்வொன்றாக, மாவுக்கு மேலே எழுந்து வருவது போல வந்தன. கோயிலில் திரை விலகும் நேரத்தில் உடம்பு சிலிர்க்குமே, எனக்கு அப்படி ஆகிவிட்டது. என் வீட்டு மேசைதான், மளிகைக்கடை மைதாதான். இருந்தும் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

நீங்கள் அண்ணனைக் கூப்பிடச் சொன்னீர்கள். தறியிலிருந்து எழுப்பியதற்கு முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். தன் வேட்டியைப் பார்த்து வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். குனிந்தார். பட்டில் நூலளவு குற்றம் இருந்தாலும் கண்டுபிடிக்கும் கண் மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போயிற்று. பிறகு தொங்கிக்கொண்டிருந்த ஓரத்தில் மெல்ல ஊதினார். முழு ஏடும் எழுந்து, ஒரு கணம் நின்று, பிறகு மெதுவாக வந்து படுத்தது.

"நெய்யாமயே துணி பண்ணிட்டியே" என்றார் உங்களிடம்.

அவர் உங்களைப் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நீங்கள் வெட்கப்பட்டு, ஓரத்தில் தடித்து நின்ற மாவை வெட்டி எடுப்பதில் மும்முரமாகிவிட்டீர்கள்.

உருக்கிய நெய் தடவி, துண்டுகளாக வெட்டி அடுக்கி, நடுவில் முந்திரிப்பொடியோடு ஒரு சிட்டிகை சுக்கும் போட்டீர்கள். சுக்கு மணக்கும் கோயில் இட்லி தின்ற ஊரில் அது இல்லாமல் எப்படி என்றீர்கள். குக்கரில் உப்பைப் பரப்பிச் சூடேற்றி வேகவைத்தோம். அடிப்பக்கம் கருகிவிட்டது, மேல்பக்கம் கடித்ததும் நொறுங்கி மூன்று பேர் மடியிலும் உதிர்ந்தது. அண்ணன் கருகியதையும் சேர்த்துத் தின்றார்.

நீங்கள் தறிக்குத் திரும்பவில்லை. அப்படி ஓர் அதிசயமெல்லாம் நடக்கவில்லை. விரல்கள் கடைசிவரை வரவே இல்லை. ஆனால் 'துன்னுற கை' என்ற பேச்சு அன்றோடு நின்றது. ஓய்ந்த மத்தியானங்களில் வேட்டியை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பீர்கள். ஒருநாள் மாவின் அடியில் கையை விட்டபடியே சொன்னீர்கள்: "கை செத்துப்போயிடுச்சுன்னு நெனச்சேம்மா. அது சும்மா திரும்பிப் படுத்துக்கினு இருந்துருக்குது." நான் அழுததை நீங்கள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பார்த்திருப்பீர்கள்.

நோய் மறுபடி வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சும் நின்றுபோன பிறகு, ஒருநாள் என்னைப் பக்கத்தில் குனியச் சொல்லி ஜாடை காட்டினீர்கள். கையைத் திருப்பி, புறங்கையால் என் கன்னத்தைத் தடவினீர்கள், நெற்றியோரத்திலிருந்து தாடை வரை மெதுவாக. நர்ஸ் பார்த்தால் கை ஓய்ந்து சரிகிறது என்று நினைத்திருப்பாள். நீங்கள் என் முகத்தை உணர்ந்து பார்க்கிறீர்கள் என்று எனக்கு மட்டும் தெரியும்.

நீங்கள் போனதற்கப்புறம் நான் மாவைத் தொடவில்லை அண்ணி. இன்றைக்குத் தொட்டேன். பாதி இஸ்திரியில் பெட்டியை அணைத்துவிட்டு, வேட்டியை மேசையில் விரித்தேன், பிசைந்தேன், ஊறவைத்தேன். தனியாகச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு பக்கம் போனால் எதிர்ப்பக்கம் சுருங்கியது. அந்த நேரத்தில்தான் அண்ணன் துணி வாங்கிப் போக வந்தார். வேட்டியைப் பார்த்தார், மாவைப் பார்த்தார். பின்கட்டுக்குப் போய்க் கைகழுவிவிட்டு வந்து, எதிரே, நீங்கள் எப்போதும் நிற்கும் சன்னல் பக்கமாக நின்றார். அது உங்கள் இடம் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் சொல்லவில்லை.

நெசவுக்காரர் கை, விரலால்தான் பிடித்தார். உடனே ஓர் ஓட்டை விழுந்தது.

"கையத் திருப்பு அண்ணா" என்றேன்.

திருப்பினார். அடியில் விட்டார். எதிரே அவர் கை நகர்ந்ததும் என் பக்கத்து மாவு தளர்ந்து கொடுத்தது, உங்களோடு செய்யும்போது கொடுத்தது போலவே. சுற்றினோம். கரை பச்சையாகத் தெரிய ஆரம்பித்தது. முதல் மயில்கண் வந்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கையில்லை, கை மாவுக்கடியில் இருந்தது.

"தெரியுதா அண்ணா?" என்று கேட்டேன்.

"தெரியுதும்மா" என்றார்.